ஆயாவின் சம்பளம்

போன ஜூன் முதல் தேதி, சம்பளம் வந்ததும் அம்மாவின் கணக்குக்கு 20,000 ரூபாய் அனுப்பினேன். பணம் அனுப்பும் செயலியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும் இல்லையா, அதில் விளையாட்டாக ‘சம்பளம்’ என்று தட்டிவிட்டேன். ஹாலில் சின்னவனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்த அம்மாவின் போன் சத்தம் போட்டது. நெற்றியில் ஏற்றிவைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தாள். இட்லித் துண்டை அவன் வாயில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“யாருக்கு, ஆயாவுக்கா?”

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கமெல்லாம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். என் பிள்ளைகளும் அப்படித்தான். ஆனால் நாங்கள் குடியிருக்கும் கேளம்பாக்கம் அடுக்குமாடியில் ஆயா என்றால் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்க வருகிறவர். ஒருநாள் சாயங்காலம் விளையாட்டுத் திடலில், புதிதாகக் குடிவந்த ஒரு பெண் என் மகள் “ஆயா” என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு அம்மாவிடம், “மாசம் எவ்வளவு வாங்குறீங்க? காலையில எங்க வீட்டுக்கும் வர முடியுமா?” என்று விசாரித்திருக்கிறார். அம்மா அதை வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்தபிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. மாசம் எவ்வளவு?

அந்த உறைப்பில்தான் 20,000 அனுப்பினேன். மறுநாள் முழுப்பணமும் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது.

அம்மாவுக்குக் காசு கொடுத்தால் அவமானப்படுத்துகிறேன். கொடுக்காவிட்டால் சுரண்டுகிறேன். இது எனக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை என்று தெரியும். ஐடி சாலையில் வேலைக்குப் போகிற என் வயதுப் பெண்களில் பாதிப்பேர் வீட்டில் ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாவோ மாமியாரோ குக்கரை இறக்கிக்கொண்டிருக்கிறார். நாங்கள் எல்லோரும் அதை ‘அம்மா கூட இருக்காங்க’ என்ற மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்த மூன்று வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் கணக்கு. நான் பொறியியல் படித்தவள், எண்ணிப் பார்க்காமல் எனக்கு எதுவும் பிடிபடாது.

ஞாயிறு சாயங்காலம் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருப்போரூர் வழியாக அம்மா வருவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பிப் போவாள். நடுவில் ஐந்து நாள். காலை ஐந்தரைக்கு எழுந்தால் பால், டிபன், பெரியவளுக்குத் தலைபின்னல், ஸ்கூல் வேன், சின்னவனுக்குக் குளியல், ஊட்டல், தூக்கம், துணி மடிப்பு, மறுபடி வேன், நொறுக்குத்தீனி, விளையாட்டுத் திடல், ராத்திரிச் சாப்பாடு. மத்தியானம் சின்னவன் தூங்கும் ஒன்றரை மணி நேரம் மட்டும் ஓய்வு. அதிலும் அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு வயது 63.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிடும் நேரம் 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். இந்த எண்களை ஆபீஸில் மகளிர் தினப் பேச்சு ஒன்றில் நானே சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. என்னுடைய 299 நிமிடத்தை நான் குறைத்துக்கொண்டது என் கணவரின் 97ஐ ஏற்றி அல்ல. அம்மா தலையில் இறக்கிவைத்து.

2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் 27ஆவது வாரத்தில் பிள்ளைக்கு ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். எங்கள் ஆபீஸ் ஏற்பாடு செய்த காப்பகம் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இரண்டு பிள்ளைக்கும் 27ஆவது வாரத்தில் அம்மாதான் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

*

தமிழில் ‘கடன்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று வாங்கித் திருப்பித் தருவது. இன்னொன்று செய்தே ஆக வேண்டிய காரியம். புறநானூற்றில் பொன்முடியார் பாட்டில் வரும் தாய், பெற்று வளர்ப்பதைத் தன் கடன் என்கிறாள். தகப்பனுக்கு, கொல்லனுக்கு, அரசனுக்கு, மகனுக்கு என்று ஆளுக்கொரு கடனைச் சொல்லிக்கொண்டே போகிறாள். அங்கே யாரும் யாரிடமும் எதுவும் வாங்கியிருக்கவில்லை. அந்தப் பழைய அர்த்தம் இன்றைக்கும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிற இடம் ‘காலைக்கடன்’. அதை யாரிடம் வாங்கினோம், யாருக்குக் கட்டுகிறோம்? மூன்று வயதுப் பையனைக் காலையில் கழிப்பறையில் உட்காரவைத்துவிட்டு எதிரே முக்காலி போட்டு இருபது நிமிடம் காத்திருக்கிறவளுக்கு இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நிறையவே நேரம் கிடைக்கும்.

பிதுர்க்கடன் இன்னும் விசித்திரம். மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்பது வைதிக மரபு. தேவர்களுக்கு வேள்வியால், ரிஷிகளுக்குப் படிப்பால், முன்னோருக்குப் பிள்ளை பெறுவதால் அவற்றை அடைக்க வேண்டும். அதாவது மேலே இருக்கிறவர்களுக்குப் பட்ட கடனைக் கீழே இருக்கிறவர்களுக்குக் கட்ட வேண்டும். என் அம்மா என்னை வளர்த்ததற்குப் பதில், நான் என் பிள்ளைகளை வளர்ப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பிள்ளைகளையும் என் அம்மாவேதான் வளர்க்கிறாள். என் கடனுக்கும் அவளே தவணை கட்டுகிறாள்.

ஜேன் இங்கிலிஷ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் எழுதி 1979இல் வெளிவந்த ஒரு சிறு கட்டுரை இருக்கிறது. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் அதன் கேள்வி. அவருடைய பதில்: எதுவுமில்லை. அன்பு இல்லாமல் அதை அவர் சொல்லவில்லை. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு உதவி வாங்கினால், அது கடன். அவர் ஊருக்குப் போகும்போது நாம் திருப்பிச் செய்ய வேண்டும். கேட்காமலே நம் தோட்டத்துப் புல்லை அவர் வெட்டிவிட்டு, பிறகு வந்து பதிலுக்கு நீ செய் என்றால், அது கடனாகாது. பெற்றோர் செய்த எதையும் குழந்தை கேட்டு வாங்கவில்லை. அதனால் பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் அவர்களுக்கிடையே இருக்கும் நட்பிலிருந்தும் பாசத்திலிருந்தும் வர வேண்டுமே தவிர, கணக்குப் புத்தகத்திலிருந்து அல்ல என்கிறார்.

நம் ஊர்ச் சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. 2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளைகள் கைவிட்டால் பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித்தர முடியும் என்று அந்தச் சட்டம் எழுதப்பட்டது. நடுத்தெருவில் விடப்பட்ட ஒரு கிழவிக்கு ஜேன் இங்கிலிஷின் கட்டுரையைவிட இந்தச் சட்டம் ஆயிரம் மடங்கு உபயோகம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் என் 20,000 ரூபாய் இந்த இரண்டிலும் பொருந்தவில்லை. ஜேன் இங்கிலிஷின் வாதத்தை ஒருநாள் ராத்திரி சின்னவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மனசில் ஓட்டிப் பார்த்தபோது ஒன்று தட்டுப்பட்டது. அம்மா என்னை வளர்த்ததற்கு நான் கடன்படவில்லை, ஏனென்றால் நான் கேட்கவில்லை. சரி. ஆனால் அவள் என் பிள்ளைகளை வளர்ப்பது? அதை நான்தானே கேட்டேன்? அவர் வாதப்படியே பார்த்தால் அந்தக் கணக்கில் நான் சுத்தமான கடன்காரி.

பிறகு இன்னும் யோசித்தேன். உண்மையிலேயே கேட்டேனா? பெரியவளுக்கு அஞ்சு மாசமானபோது போனில் நான் சொன்னது இவ்வளவுதான். “லீவு முடியப்போவுதும்மா.” அம்மா சொன்னாள், “சரி, நான் வரேன்.” நான் சொன்னதில் கேள்விக்குறி இல்லை. கேள்வி என்றால் ‘முடியாது’ என்று ஒரு பதில் வருவதற்கும் இடம் வேண்டும். அந்த போனில் அந்த இடத்தை நான் வைக்கவே இல்லை.

*

“இதுல என்ன இவ்ளோ யோசனை? பேரப்புள்ளைய பார்க்குறது பாட்டிக்கு இயற்கை” என்பார் என் கணவர். இயற்கை என்ற வார்த்தைக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு அறிவியல் இருக்கிறது. தான்சானியாவின் வடக்கே ஹட்ஸா என்ற வேட்டை, சேகரிப்புச் சமூகம் வாழ்கிறது. அவர்களோடு இருந்து 1980களில் ஆய்வைத் தொடங்கிய கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானுடவியலாளரும் அவர் கூட்டாளிகளும் ஒன்றைக் கவனித்தார்கள். அங்கே பிள்ளைபெறும் வயது கடந்த கிழவிகள் மண்ணைத் தோண்டிக் கிழங்கெடுப்பதில் அசராத உழைப்பாளிகள். புதுக்குழந்தை பிறந்து தாய் அதோடு கட்டுண்டு கிடக்கும் காலத்தில், பால்குடி மறந்த மூத்த குழந்தையின் எடை பாட்டி எவ்வளவு நேரம் கிழங்கு தோண்டுகிறாள் என்பதைப் பொறுத்து இருந்தது. மாதவிடாய் நின்றபிறகும் மனிதப் பெண்கள் பல பத்தாண்டுகள் வாழ்வதற்குக் காரணம் பாட்டிகளின் இந்த உழைப்புதான் என்ற கருதுகோள் அதிலிருந்து வலுப்பெற்றது. பாட்டிக் கருதுகோள் என்றே பெயர்.

படித்தபோது சிலிர்த்தது. கூடவே ஒரு சௌகரியமும் மனசுக்குள் வந்து உட்கார்ந்தது. அந்தச் சௌகரியத்தைத்தான் நான் நம்பவில்லை. ஹட்ஸாக் கிழவி மற்ற பெண்களோடு கூட்டமாக வெட்டவெளியில் போகிறாள். கோல் அவளுடையது. என் அம்மா ஒன்பதாவது மாடியில், யாரென்றே தெரியாத ஊரில், கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். அதோடு, இயற்கை எதையும் நியாயப்படுத்தித் தராது. அதைத் தெரிந்துகொள்ள ஆப்பிரிக்கா போகவேண்டாம், எங்கள் கடற்கரைச் சாலையில் ஒரு நாள் சுற்றினால் போதும்.

பள்ளி லீவில் ஒருநாள் பிள்ளைகளை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கூட்டிப்போனோம். ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கியது. தாய் முதலை மாதக்கணக்கில் முட்டைக்குக் காவல் இருக்கும், உள்ளேயிருந்து குஞ்சுகள் குரல் கொடுத்ததும் மண்ணைத் தோண்டி, அந்தப் பயங்கரமான வாயிலேயே குஞ்சுகளை வைத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் என்று மகளுக்குச் சொன்னேன். அப்பா முதலையும் அப்படித் தூக்கிப் போவதை 1980களில் இதே பண்ணையில்தான் பதிவு செய்தார்கள் என்பதைக் கணவர் காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பண்ணையை ஒட்டியே கடல். ஜனவரியிலிருந்து இந்த மணலில்தான் பங்குனி ஆமைகள் ராத்திரியில் ஏறிவந்து, குழிதோண்டி நூறு முட்டைபோல இட்டு, மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகும். 45 நாளோ 60 நாளோ கழித்து வெளிவரும் குஞ்சுகளை அது பார்ப்பதேயில்லை.

“அப்போ ஆமை கெட்ட அம்மாவா?” என்றாள் மகள்.

“இல்லடி. ஆமை ஆமை மாதிரி இருக்கு” என்றாள் அம்மா.

விட்டுப்போகிற தாயும் இயற்கை, வாயில் சுமக்கிற தாயும் இயற்கை, சுமக்கிற தகப்பனும் இயற்கை. இதில் எது நமக்கு என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த முடிவை யாரும் எடுக்கவில்லை. அது பாட்டுக்கு நடந்தது.

*

நவம்பரில் உடைந்தது. அன்றைக்கு எனக்கு ஆபீஸில் மோசமான நாள். வீட்டுக்குள் நுழையும்போது சின்னவன் கையில் போன், அதில் ஏதோ கார்ட்டூன், வாய் தானாகத் திறக்க அம்மா சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். “போன் கொடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று கத்தினேன். மேலாளர் மத்தியானம் என்னிடம் பேசிய அதே தொனி. பேசும்போதே எனக்குத் தெரிந்தது.

அம்மா பதில் பேசவில்லை. பிள்ளைகள் தூங்கியபிறகு பெட்டியை எடுத்து வைத்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“சம்பளம் வேணாம்னு திருப்பிக் கொடுத்தேன். சம்பளம் போச்சு, முதலாளி மட்டும் அப்படியே இருக்கா” என்றாள்.

காலையில் போய்விட்டாள்.

அடுத்த மூன்று மாதம் எப்படிப் போனது என்பதைச் சோகக்கதையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பணமுள்ள வீடு, சமாளித்தோம். சின்னவனைத் தெருமுனைக் காப்பகத்தில் சேர்த்தோம். என் கணவர் வேலை நேரத்தை முன்னால் நகர்த்தி நாலரைக்கு வீட்டுக்கு வரத் தொடங்கினார். அது முடியும் என்பது ஏழு வருடமாக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை, ஏனென்றால் தோன்ற வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஒரே ஒரு சர்வர் படுத்தால் மொத்தமும் படுத்துவிடும் என்கிற மாதிரி எதையும் கட்டக்கூடாது. ஆபீஸில் அதற்காக ராத்திரி பகலாகத் திட்டம் போடுகிறேன். வீட்டில் 63 வயது முட்டி இரண்டின்மேல் எல்லாவற்றையும் கட்டிவைத்திருந்தேன்.

காப்பகத்தில் சின்னவனைப் பார்த்துக்கொள்பவர் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவனும் அவரை ஆயா என்றே கூப்பிடத் தொடங்கினான். அவருக்கு அவன் வயதிலேயே ஒரு மகள். “யாரு பார்த்துக்கிறாங்க?” என்றேன். “எங்கம்மாதான், வேற யாரு?” என்றார். என் அம்மாவுக்கு நான் கொடுத்ததாக நினைத்த விடுதலை இன்னொரு அம்மாவின் தலையில் போய் இறங்கியிருந்தது. சம்பளம் வாங்கும் ஆயாவிலிருந்து பிடித்துக்கொண்டு போனால், அந்தச் சங்கிலியின் கடைசியில் சம்பளம் வாங்காத ஒரு ஆயா உட்கார்ந்திருக்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. காப்பகத்துச் சம்பளம் உயரவேண்டும், ஊர்தோறும் நல்ல பாலர் காப்பகம் வேண்டும் என்று சொல்லலாம். சொல்கிறேன். ஆனால் அதுவரை அந்தக் கிராமத்து வீட்டில் ஒரு அம்மா ஐந்தரைக்கு எழுந்துகொண்டிருப்பார்.

*

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை தனியாகச் செங்கல்பட்டு போனேன். கொளவாய் ஏரிப் பக்கம் எங்கள் பழைய வீடு. வாசலிலேயே தையல் மிஷின் சத்தம் கேட்டது. நான் படிக்கும்போது ராத்திரியெல்லாம் கேட்ட சத்தம். என் கல்லூரிப் பணத்தில் பாதி அந்த மிஷினிலிருந்து வந்தது. ஏழு வருடமாக அதன்மேல் துணி போர்த்தி மூடியிருந்தது, நானும் அதை ஒரு மேஜை என்றே நினைக்கப் பழகியிருந்தேன்.

அம்மா ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் இருவர் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிப்பு நான் மறந்துபோன ஒரு சிரிப்பு. என் வீட்டில் அவள் சிரிப்பதெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துத்தான். அவளுக்கு நாற்பதுக்கு மேல் வந்த வாழ்க்கை ஒன்று இங்கே நடந்துகொண்டிருந்தது, அதை நான் நடுவில் நிறுத்தி என் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

“புள்ளைங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. அதுங்கள நெனச்சா தூக்கம் வர்ல” என்றாள். “ஆனா வயசு போவுதுடி. எனக்கும்.”

எனக்கு 37. போன வாரம்தான் பெரியவள் என் நெற்றியோரத்து வெள்ளைமுடியை எண்ணி ஒன்பது என்று அறிவித்தாள். பிள்ளை வளர்கிற வேகத்தில்தான் நமக்கு நம் வயதே தெரிகிறது. அவளுக்குச் செருப்பு சிறிதாகும்போதெல்லாம் எனக்குள் எங்கோ ஏதோ தேய்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் அம்மாவுக்கும் வயது கூடும் என்பது எனக்குத் தோன்றியதில்லை. என் மனசில் அவள் நான் பள்ளியில் படித்தபோது இருந்த அம்மாதான். முட்டியில் தைலம் தேய்க்கும்போதுகூட.

என் சித்தியிடம் இதையெல்லாம் சொன்னபோது அடித்துப் பேசினார். “பேரப்புள்ளைய பார்க்க முடியாதுன்னு எவளாவது சொல்லுவாளா? நீங்கள்லாம் படிச்சுட்டு வீட்டையும் கம்பெனி ஆக்குறீங்க.” அவர் சொல்வதில் ஒரு பாதி எனக்கும் வலிக்கிறது. அன்புக்கு நடுவில் விதிமுறை பேசுவது அசிங்கமாகத்தான் இருக்கிறது. அம்மாவைக் கட்டாயப்படுத்தி யாரும் கூட்டிவரவில்லை. அவள் ஆசையாகத்தான் வந்தாள், ஆசையாகத்தான் வளர்த்தாள். ஆனால் ‘எவளாவது சொல்லுவாளா’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முடியாது என்று சொல்லவே முடியாத ஒருத்தி சரி என்று சொன்னால், அந்தச் சரியில் எவ்வளவு ஆசை, எவ்வளவு வேறு வழியில்லாமை என்பது யாருக்கும் தெரியாது. சில சமயம் அவளுக்கே தெரியாது.

20,000 ரூபாயில் என் தப்பு எங்கே என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று பணத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். காசு வாங்குகிற காப்பகத்து ஆயாவுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு, உடம்பு முடியாத நாள் உண்டு, பிடிக்காவிட்டால் நின்றுவிட முடியும். காசு வாங்காத என் அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை. நான் அவளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, அவள் முடியாது என்று சொன்னால் எங்கள் வீடு இடிந்து விழாது என்கிற ஒரு ஏற்பாடு. அதைக் கட்டவேண்டியது நானும் என் கணவரும். அதைக் கட்டியபிறகு அவள் வந்தால் அது அவள் கொடுப்பது. கட்டாமல் அவள் வந்தால் அது நான் எடுப்பது.

*

மாசி மகத்தன்று லீவு போட்டுவிட்டு எல்லோரும் மாமல்லபுரம் போனோம். அம்மாவை அழைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக. வருடாவருடம் அந்தப் பௌர்ணமிக்குப் பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுவார்கள். குச்சி நட்டு, புடவையையும் துணியையும் சுற்றிக் கூடாரம் போட்டு மணலிலேயே தங்குவார்கள். விடியலில் கன்னியம்மனுக்குப் பூஜை. பிள்ளைகளுக்கு மொட்டை போடுவது, பெயர் வைப்பது, கல்யாணம் பேசுவது, தாலி கட்டுவது எல்லாம் அந்த மணலில்தான் நடக்கும். அவர்கள் நம்பிக்கையில், கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டவள். அவளைச் சமாதானப்படுத்தி அழைக்கத்தான் வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் எல்லோரும் கடற்கரைக்கு வருகிறார்கள்.

இதைச் சொன்னதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “அது தெரிஞ்சுதான் கூட்டியாந்தியா?” என்றாள். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

மல்லை வரும்போதெல்லாம் வழக்கமாக அம்மா பைகளோடு ஏதாவது நிழலில் உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் சுற்றிவிட்டு வருவோம். எங்கள் பழைய போட்டோக்களில் அவள் இல்லாததற்கு அதுதான் காரணம். இந்தமுறை பைகளை என் கணவர் வைத்துக்கொண்டார். கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கிறவன் முன்னால் பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிற சிற்பத்தின் எதிரே அம்மா ரொம்ப நேரம் நின்றாள். கறக்கிறவன் கையையும் பசுவின் நாக்கையும் மாறிமாறிப் பார்த்தாள். “அது நக்குறதுல இருக்கு. இவன் கறந்துட்டிருக்கான்” என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கார் ஏறுமுன் நான் கேட்டேன். இந்தமுறை கேள்விக்குறியோடு. “வாரத்துல ரெண்டு நாள் வர முடியுமாம்மா? முடியாதுன்னா பரவாயில்ல, ஏற்பாடு இருக்கு.” அம்மா யோசித்தாள். “செவ்வாய், புதன் வரேன். பஸ்ஸுக்குக் காசு நீ குடு. போன் விஷயத்துல நீ சொல்றது சரிதான், ஆனா கத்தாதே.”

பிறகு ஐந்து வாரம் அப்படித்தான் வந்தாள். ஆறாவது வாரம், திங்கட்கிழமை ராத்திரி பத்து மணிக்கு போன். “நாளைக்கு வரல. வளைகாப்பு ரவிக்கை நாலு இருக்கு, வியாழக்கிழமைக்குள்ள குடுக்கணும்.” சரிம்மா என்று வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை எனக்கு இரண்டு மீட்டிங் இருந்தது, சின்னவனுக்குக் காப்பகத்தில் விடுமுறை. சுருக்கென்று கோபம் வந்தது. நாலு ரவிக்கையா முக்கியம்?

அந்தக் கோபத்தோடு அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். இவ்வளவு யோசித்து, படித்து, கட்டுரை எழுதும் அளவுக்கு வந்தபிறகும் முதலில் வந்தது அதுதான். பிறகு கணவரை எழுப்பினேன். அவர் மத்தியானம்வரை, நான் மத்தியானத்துக்கு மேல் என்று நாளைப் பிரித்துக்கொண்டோம். மறுநாள் சின்னவன் என் மடியில் உட்கார்ந்துகொண்டு மீட்டிங்கில் எல்லோருக்கும் கையசைத்தான். “ஆயா எங்கே?” என்றான்.

“தச்சிட்டிருக்காங்க” என்றேன்.